பக்கத்து ஊர் கொய்யாவுக்கு மூன்று நாள்... கடல் தாண்டிய ஆப்பிளுக்கு மாதக்கணக்கு! ஏன் இந்த வித்தியாசம்?

அடுப்பங்கரை அறிவியல்

சனிக்கிழமை சாயங்காலம். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற சாலையில், திருப்பாச்சூர் பக்கம் ஒரு தள்ளுவண்டி. ஒரு பாதியில் கொய்யா, மறு பாதியில் ஆப்பிள். காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் டூ வீலரை ஓரம்கட்டுகிறார்.

"கொய்யா எப்படிண்ணே?"

"காலையில பறிச்சது சார். பக்கத்துத் தோட்டம்தான்."

"ஒரு வாரம் தாங்குமா? வீட்டுல வாரத்துக்கு ஒருக்காதான் பழம் வாங்குறது."

"வாரமா? ரெண்டு நாள்ல சாப்பிட்டுடுங்க. வாரம் தாங்கணும்னா ஆப்பிள் எடுத்துக்குங்க."

இந்த வட்டாரத்தில் எந்தப் பழ வண்டியிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. கொஞ்சம் யோசித்தால் ஆச்சர்யமாக இருக்கும். காலையில் பறித்த கொய்யாவுக்கு ஆயுள் மூன்று நாள். காஷ்மீரிலிருந்தோ வாஷிங்டனிலிருந்தோ பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, பறித்து மாதக்கணக்கான பிறகு வண்டியில் ஏறியிருக்கும் ஆப்பிள் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

'ஆப்பிளில் மருந்து அடிக்கிறாங்க, மெழுகு பூசுறாங்க' என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். மெழுகு பூசுவது உண்மைதான். ஆனால், ஆப்பிளின் நீண்ட ஆயுளில் மெழுகின் பங்கு சின்னது. பெரிய பங்கு குளிருக்கும் பேக்கிங்குக்கும் உரியது. அந்த இரண்டும் நம்ம ஊர்க் கொய்யாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதில்தான் விவசாயியின் வருமானமும், நம் வீட்டு மாதச் செலவில் ஒரு பகுதியும் அடங்கியிருக்கின்றன.

பறித்த பிறகும் பழத்துக்கு உயிர் உண்டு!

மரத்திலிருந்து பறித்த நிமிடத்தோடு பழம் செத்துப்போவதில்லை. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. மரத்தில் இருக்கும்வரை செலவாகிற சர்க்கரையையும் தண்ணீரையும் மரம் ஈடுகட்டும். பறித்த பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். சேமிப்பைத் தின்று வாழ்கிற வாழ்க்கை. சேமிப்பு தீர்ந்தால் பழம் தளரும், சுருங்கும், கடைசியில் பூஞ்சைக்கு இரையாகும்.

ஆக, பழத்தின் ஆயுளைக் கூட்ட வேண்டுமென்றால் இந்தச் செலவைக் குறைக்க வேண்டும். அதற்கு முதல் வழி குளிர். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால், பழத்தின் சுவாச வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில பழங்களில் மூன்று மடங்கு ஆகும். 35 டிகிரி வெயிலில் கிடக்கிற பழம் 15 டிகிரியில் இருக்கிற பழத்தைவிட நான்கு மடங்காவது வேகமாகத் தன் ஆயுளைச் செலவழிக்கிறது. மே மாதத் திருவள்ளூர் வெயிலில் ஒரு மதியம் முழுக்க வண்டியில் நின்ற கொய்யாவை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தாலும், போன ஆயுள் திரும்பி வராது. குளிர் என்பது வண்டிக்கு பிரேக் போடுவது மாதிரி. ஓடிய தூரத்தை அது அழிக்காது.

ஒரு பழம் கெட்டால் கூடையே கெடும் - ஏன்?

இன்னொரு வில்லன், எத்திலீன் என்ற வாயு. பழங்களே இதை உற்பத்தி செய்கின்றன. 'பழுக்கலாம்' என்று பழத்துக்குச் சொல்கிற சமிக்ஞை இதுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை தெருவிளக்கில் தொடங்குகிறது. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் எரிவாயு விளக்குகள் இருந்தன. குழாயில் கசிவு இருந்த இடங்களில் மரங்கள் காலத்துக்கு முன்பே இலை உதிர்த்தன. காரணம் எத்திலீன்தான் என்று 1901-ல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி நெல்ஜுபோவ் பட்டாணி நாற்றுகளை வைத்துக் காட்டினார். பழமே அந்த வாயுவை வெளியிடுகிறது என்று 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார்.

நம் ஊரில் பெயர் தெரியாமலேயே எத்திலீனைப் பயன்படுத்தினார்கள். வாழைத்தாரைக் குழியில் வைத்து மூட்டம் போடுவார்களே, அந்தப் புகையில் எத்திலீன் உண்டு. மாங்காயை அரிசிப் பானைக்குள் பாட்டி புதைத்து வைத்ததும், வாயு வெளியே போகாமல் காயைச் சுற்றியே தங்கட்டும் என்கிற அதே கணக்குதான்.

பழுக்க வைக்க உதவுகிற இதே வாயு, பழுத்த பிறகு எதிரியாகிறது. நசுங்கிய பழமும் அழுகத் தொடங்கிய பழமும் அதிகமாக எத்திலீனை விடும். அது பக்கத்துப் பழத்தையும் அவசரப்படுத்தும். 'ஒண்ணு கெட்டா கூடையே கெடும்' என்று பழக்கடைக்காரர் சொல்வதில் பாதி பூஞ்சை, பாதி எத்திலீன்.

எல்லாப் பழமும் இந்த வாயுவுக்கு ஒரே மாதிரி ஆடுவதில்லை. மா, வாழை, சப்போட்டா, பப்பாளி, சீத்தாப்பழம், ஆப்பிள் போன்றவை பறித்த பிறகும் பழுக்கும். கொய்யாவில் பல ரகங்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை. திராட்சை, சாத்துக்குடி, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி போன்றவை பறித்ததோடு சரி. புளிப்புத் திராட்சையை எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது.

ஆப்பிளைத் தூங்க வைத்தவர்கள்

இப்போது ஆப்பிளின் ரகசியத்துக்கு வருவோம். முதலில், ஆப்பிளுக்கு இயல்பிலேயே அதிர்ஷ்டம். குளிர்நாட்டுப் பழம் என்பதால் உறைநிலையை ஒட்டிய குளிரையும் பல ரகங்கள் தாங்கும். தோல் கெட்டி. மெல்லத்தான் சுவாசிக்கும்.

அதை இன்னும் மெதுவாக்கியவர்கள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள். குளிரோடு சேர்த்து அறையில் இருக்கும் காற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றில் சுமார் 21 சதவிகிதம் ஆக்சிஜன் இருக்கிறது. அதைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் ஆப்பிளின் சுவாசம் இன்னும் மந்தமாகிறது. 1929-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இந்த முறையில் முதல் வணிகக் கிடங்கு வந்தது.

இன்றைய கிடங்குகளில் ஆக்சிஜனை 2, 3 சதவிகிதம் அளவுக்குக் குறைத்து, கதவை இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே ஆப்பிள் கிட்டத்தட்ட தூங்குகிறது. காஷ்மீரில் புல்வாமா மாவட்டத்தின் லஸ்ஸிபோரா தொழிற்பேட்டையில் இப்படிப்பட்ட கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வரை பறித்த ஆப்பிளை அடுத்த கோடை வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் கோயம்பேட்டில் இந்திய ஆப்பிள் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து குவிக்கும்போது விலை விழும். கிடங்கு வைத்திருப்பவர் அப்போது விற்க வேண்டியதில்லை, நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். பழத்தின் ஆயுளைக் கூட்டுவது என்றால், விற்பவருக்குக் காத்திருக்கும் பலத்தைக் கொடுப்பது என்று அர்த்தம்.

காத்திருக்க முடியாதவர்கள்

அந்தப் பலம் இல்லாதவர்கள் நிலை என்ன? திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் சித்தூரை எடுத்துக்கொள்ளலாம். 2025 கோடையில் அங்கே பெங்களூரா மாம்பழம் மலை மலையாக வந்து குவிந்தது. பழக்கூழ் ஆலைகள் முன்பு லாரிகளும் டிராக்டர்களும் வரிசையில் நின்றன. விலை சரிந்ததால், ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு தன் பங்காக 4 ரூபாய் தரும் என்று ஆந்திர அரசு தலையிட வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி மா விவசாயிகளும் அதே பருவத்தில் விலைச் சரிவில் தவித்தார்கள்.

விளைச்சல் அதிகமானதுதான் பிரச்னையின் வேர். ஆனால், பறித்த மாம்பழம் சில நாள்களில் கெட்டுவிடும் என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்த நிலையில் விவசாயியால் எப்படிப் பேரம் பேச முடியும்?

பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், நாடு முழுக்க எடுத்த கணக்கை 2015-ல் வெளியிட்டது. அறுவடையிலிருந்து கடை வரை வீணாகும் பழங்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? கொய்யாவுக்கு! 15.88 சதவிகிதம். அதாவது, ஆறு கொய்யாவில் ஏறக்குறைய ஒன்று சாப்பிடுகிறவர் கைக்கு வருவதே இல்லை. மாம்பழத்தில் 9.16 சதவிகிதம், வாழையில் 7.76 சதவிகிதம். வீட்டுக்கு வாங்கிவந்த பிறகு குப்பைக்கூடைக்குப் போகிறது இதில் சேராது.

மூங்கில் ஊரும் மூங்கில் கூடையும்

திருப்பாச்சூருக்குப் பெயர் வந்த கதை இங்கே பொருத்தமாக இருக்கும். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் காட்டுக்குள் சிவலிங்கம் கிடைத்ததால் ஊர் பாசூர் ஆனது என்கிறது வாசீஸ்வரர் கோயிலின் தலபுராணம். தேவாரப் பாடல் பெற்ற தலம் இது.

பல தலைமுறைகளாக நம் ஊர்ப் பழங்களுக்கு மூங்கில் கூடைதான் பேக்கிங். அடியில் வைக்கோல், மேலே பழம், அதற்கு மேலே மறுபடி வைக்கோல். இதை வெறும் பழைய வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. நல்ல பேக்கிங் செய்ய வேண்டிய பல வேலைகள் அதில் இருக்கின்றன. இடைவெளி வழியாகக் காற்று போகும், அதனால் பழம் விடுகிற வெப்பமும் எத்திலீனும் வெளியேறும். வைக்கோல் ஈரத்தை உறிஞ்சும், அதிர்ச்சியைத் தாங்கும்.

குறையும் உண்டு. கூடைமேல் கூடை அடுக்கினால் அடியில் உள்ள பழம் நசுங்கும். மூங்கில் பிளாச்சின் முனை தோலைக் கீறும். அந்தச் சின்னக் கீறல்தான் பூஞ்சைக்கு வாசல். கொய்யா மாதிரி மெல்லிய தோல் பழத்துக்கு இது பெரிய ஆபத்து. அதனால்தான் பிளாஸ்டிக் கிரேட்டும் துளையிட்ட அட்டைப் பெட்டியும் வந்தன. கிரேட்டின்மேல் கிரேட் அடுக்கினாலும் பாரம் பழத்தின்மீது விழாமல் கிரேட்டின் சுவரிலேயே இறங்கும். அட்டைப் பெட்டியின் துளைகள் அலங்காரத்துக்கு இல்லை, குளிர்காற்று உள்ளே போய்வர வழி. கொய்யாவுக்கும் ஆப்பிளுக்கும் போடுகிற வெள்ளை நுரை வலை, பழத்தோடு பழம் உரசாமல் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு அடுத்த படி, பழத்தின் மூச்சையே பேக்கிங்கால் கட்டுப்படுத்துவது. சரியான அளவில் காற்றை விடுகிற மெல்லிய உறைக்குள் பழத்தை வைத்தால், அது சுவாசித்துச் சுவாசித்து உள்ளே ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு கூடும். கென்ட் கிடங்கின் வேலை ஒரு பையளவுக்குச் சுருங்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால், காற்றே போகாமல் இறுக்கி மூடினால் பழம் மூச்சுத்திணறி, சாராய வாடை அடித்துக் கெட்டுப்போகும்.

சில பெட்டிகளுக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய சின்னப் பொட்டலம் வைப்பதுண்டு. அது எத்திலீனைச் சிதைத்துவிடும். வேலை முடிந்ததும் ஊதா நிறம் பழுப்பாகும். ஏற்றுமதித் திராட்சைப் பெட்டியில் கந்தக டை ஆக்சைடை மெல்ல வெளியிடும் தாள் வைக்கிறார்கள், அது பூஞ்சையைத் தடுக்கும். மெழுகும் இந்த வரிசையில்தான் வருகிறது. ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. கழுவும்போது அது போய்விடுவதால், நீர் ஆவியாகாமல் இருக்க வேறு மெழுகு பூசுகிறார்கள். தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு ஆகியவற்றை உரிய அளவில், லேபிளில் குறிப்பிட்டுப் பூசலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது. தடை செய்யப்பட்டது கார்பைடு கல்தான். பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை, பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை பயன்படுத்தலாம்.

கோவையிலிருந்து வந்த புல்வாசனை

குளிரும் கிடங்கும் இல்லாத சிறு விவசாயிக்கு வேறு வழி உண்டா? தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்தது.

புல் வெட்டும்போது ஒரு பச்சை வாசனை வருமே, அதில் கலந்திருக்கும் பொருள்களில் ஒன்று ஹெக்ஸனால். தாவரங்கள் இயற்கையாகவே உருவாக்குகிற பொருள். பழம் முதிரும்போது அதன் செல் சுவர்களை ஒட்டிய சவ்வைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. ஹெக்ஸனால் அந்த நொதியைத் தடுத்து, பழம் தளர்வதைத் தள்ளிப்போடும் என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். கோபிநாதன் பாலியத், ஜெய்சங்கர் சுப்ரமணியன் ஆகியோர் அங்கே இதில் வேலை செய்த விஞ்ஞானிகள்.

2012-ல் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், இலங்கையின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும், குவெல்ஃப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம் நிதி கொடுத்தது. கோவையில் நானோ தொழில்நுட்பத் துறையின் கே.எஸ்.சுப்ரமணியன் தலைமையில் வேலை நடந்தது. கிருஷ்ணகிரி வட்டார மாந்தோப்புகளில் அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பாக ஹெக்ஸனால் கலவையைத் தெளித்துப் பார்த்தார்கள். காய்கள் மரத்திலேயே இரண்டு, மூன்று வாரம் கூடுதலாக நின்றன. பறித்த பழத்தைக் கலவையில் முக்கி எடுத்தாலும் ஆயுள் கூடியது. பிறகு கென்யா, தான்சானியா, டிரினிடாட் நாடுகளும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தன.

மரத்தில் இரண்டு வாரம் கூடுதலாக நிற்பதில் என்ன லாபம்? மரமே கிடங்காகிவிடுகிறது! ஊரே மாங்காய் கொண்டுவந்து கொட்டுகிற வாரத்தைத் தாண்டி, கூட்டம் குறைந்த பிறகு விவசாயி பறிக்கலாம். கரன்ட் பில் கிடையாது, வாடகை கிடையாது. இதே ஆய்வின் தொடர்ச்சியாக, வாழைத்தண்டு நார்க் கழிவிலிருந்து உறை தயாரித்து, அதில் ஹெக்ஸனாலை ஏற்றிப் பழத்தைப் பொதியும் முயற்சியும் நடந்தது. பிளாஸ்டிக் பையைக் குறைக்க 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே நடத்துகிற மாநிலத்தில், பழத்தையும் காப்பாற்றி மண்ணிலும் மக்குகிற உறைக்கு நிச்சயம் தேவை இருக்கிறது.

ஹெக்ஸனால் குளிருக்கு மாற்று இல்லை. வெயிலில் காயவைத்த பழத்தை எந்தக் கலவையும் காப்பாற்றாது. இரண்டும் சேரும்போதுதான் முழுப்பலன்.

செங்கல்லும் மணலும் போதும்!

கரன்ட் இல்லாத குளிர்ப்பெட்டி ஒன்றும் நம் நாட்டில் 1980-களிலேயே வந்துவிட்டது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் மணலை நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம். வறண்ட கோடையில் வெளியே இருப்பதைவிட 10 முதல் 15 டிகிரி வரை உள்ளே குறையும். சுமார் 100 கிலோ பழம், காய் வைக்கலாம்.

கடலோரத்தை ஒட்டிய கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் காற்றில் ஈரம் அதிகம். அங்கே ஆவியாதல் குறைவு என்பதால் குளிர்ச்சியும் அந்த அளவுக்குக் கிடைக்காது. ஆனாலும் உள்ளே ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் பழம் வாடாது. விடிகாலையில் பறிப்பது, பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோவது, சாக்குக்குப் பதில் கிரேட்டில் வைப்பது, அடிபட்டதைத் தனியே பிரிப்பது... இந்த நான்கும் பெரிய செலவில்லாதவை. கொய்யாவை 8 முதல் 10 டிகிரி குளிரில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். ஆக, 'கொய்யான்னா அப்படித்தான் சார்' என்று விட்டுவிட வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் அதற்கு ஒரு மணி நேரக் குளிர்கூடக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

சரி, நம் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன செய்வது?

வீட்டு ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் இருக்கும். ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் அது சொர்க்கம். வாழைக்கும் மாவுக்கும் அது தண்டனை. வெப்பமண்டலப் பழங்களின் செல்கள் அந்தக் குளிரைத் தாங்காது. வாழைக்கு உகந்தது 13, 14 டிகிரி. மாங்காய்க்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அதற்குக் கீழே போனால் தோல் கறுக்கும், காயாக இருந்தால் பிறகு சரியாகப் பழுக்கவே பழுக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எளிது.

* மா, வாழை, சப்போட்டா, பப்பாளி: காயாக இருக்கும்போது ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியில் நிழலில் பழுக்கட்டும். நன்றாகப் பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சில நாள் கிடைக்கும். வாழைப்பழத் தோல் கறுத்தாலும் உள்ளே சதை நன்றாகத்தான் இருக்கும்.

* கொய்யா: செங்காயாக வாங்கினால் வெளியில் ஒன்றிரண்டு நாள், வாசனை வந்ததும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். எல்லாவற்றையும் ஒரே பழுப்பில் வாங்காமல், பழம் பாதி, செங்காய் பாதியாக வாங்கினால் வாரம் ஓடிவிடும்.

* திராட்சை: வாங்கியதும் கழுவாதீர்கள். வெடித்த பழங்களை எடுத்துவிட்டு, துளையுள்ள டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடுவதற்கு முன்பு கழுவினால் போதும்.

* எலுமிச்சை, சாத்துக்குடி: இவற்றின் எதிரி வறட்சி. மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் சாறு குறையாது. மாதுளை ஒரு மாதம்கூடத் தாங்கும்.

* ஆப்பிள்: இது நிறைய எத்திலீன் விடும். கீரை, வெள்ளரிக்காய் பக்கத்தில் வைத்தால் அவை மஞ்சளாகும். கேரட் கசக்கும். தனியாக வையுங்கள். அதே ஆப்பிளை மாங்காயோடு ஒரு காகிதப் பையில் போட்டால், மாங்காய் சீக்கிரம் பழுக்கும்!

* கட்டிய பை ஆகாது: கடையில் கொடுத்த பையை முடிச்சுப் போட்டு அப்படியே உள்ளே தள்ளுவதுதான் பல வீடுகளில் பழம் அழுகக் காரணம். பைக்குள் நீர்த்துளி தெரிந்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்தாயிற்று என்று அர்த்தம். பையைத் திறந்து, உள்ளே உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை வையுங்கள். அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம்.

* நறுக்கிய பழம்: தோல்தான் பழத்தின் முதல் பேக்கிங். அதைப் பிரித்துவிட்டால் ஆயுள் மணிக்கணக்குதான். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம். டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

* வாழைக்காம்பு வித்தை: காம்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் சுற்றினால் வாரக்கணக்கில் தாங்கும் என்று வீடியோக்கள் வருகின்றன. பழம் முழுவதுமே எத்திலீனை விடும். காம்பை மட்டும் மூடிப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

* மிஞ்சிப்போனால்: கனிந்த வாழையைத் தோலுரித்து, மாம்பழத்தைத் துண்டுபோட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். மில்க் ஷேக்குக்கு ஆகும்.

வண்டிக்காரர் சொன்னது பாதி சரி

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பழம் வாங்க முடிகிற குடும்பத்துக்கு, எது தாங்குமோ அதுதான் பழம். ஆப்பிளுக்குப் பின்னால் கிடங்கு இருக்கிறது, குளிர் லாரி இருக்கிறது, துளை போட்ட பெட்டி இருக்கிறது, வலை இருக்கிறது. கொய்யாவுக்குப் பின்னால் ஒரு விவசாயியும் ஒரு சாக்குப் பையும் மட்டும் இருக்கும்வரை, வண்டியில் ஜெயிப்பது ஆப்பிள்தான். அந்த ஜெயிப்பில் ஒவ்வொரு ஆறாவது கொய்யாவும் தோற்றுப்போகிறது. அதற்கு உழைத்தவரும் சேர்ந்துதான் தோற்கிறார்.

பெரிய குளிர்க்கிடங்கு வரும்போது வரட்டும். அதுவரை தோட்டத்தில் ஒரு நிழல், வண்டியில் ஒரு ஈரத்துணி, வீட்டில் திறந்துவைத்த ஒரு பை... இவையும் பழத்துக்கு நாள் கூட்டுபவைதான். அடுத்த சனிக்கிழமை அந்த வண்டியில் நிற்கும்போது அரை கிலோ ஆப்பிளோடு, பாதி செங்காயாகப் பொறுக்கி அரை கிலோ கொய்யாவும் வாங்கிப் பாருங்கள். ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை குழந்தைகளுக்குத் தட்டில் வைக்க இருக்கும்.

*அடுத்த வாரம்: வெயில் காலத்தில் இட்லி மாவு ஏன் அவசரமாகப் புளிக்கிறது?*